ஊரே புகழும் மலைச் சாப்பாடு உங்களுக்கு மட்டும் பிடிக்கவில்லை என்றால்

நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ வருகிறவர்களில், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிலும்கூட, வெளியே சொல்லாமல் முழுங்குகிறவர்கள் நிறையப் பேர். பீட்ரூட் பொரியலைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவார்கள், பேக்கரியில் சுடும் மொறுமொறு வர்க்கியை ஒரு கடி கடித்துவிட்டு மீதியைத் தட்டின் ஓரத்தில் வைப்பார்கள், பட்டர் ப்ரூட் (அவகேடோ) ஜூஸை "வயிறு நிரம்பிவிட்டது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்துவார்கள். ஊர் கொண்டாடுகிற பொருளை வேண்டாம் என்றால் அந்த ஊர்க்காரர்களையே வேண்டாம் என்று சொன்னதுபோல ஆகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். ஒரு காயோ பழமோ பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் அதில் இருக்கும் ஏதோ ஒரு குணம்தான் காரணமாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதியைச் சமையலிலேயே சரிசெய்துவிடலாம், மீதியைத் தைரியமாக வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கண்டுபிடிப்பது எளிது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னத் துண்டை மென்று பாருங்கள். இப்போது தொந்தரவில்லை என்றால் உங்களுக்குப் பிடிக்காதது வாசனை. மூக்கை மூடியும் கசந்தால் நாக்கின் பிரச்சினை. கசப்பும் இல்லை, வாசனையும் இல்லை, ஆனாலும் தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது என்றால் அதன் வழவழப்போ சொதசொதப்போதான் உங்களைத் துரத்துகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, அதனால் இதை முடிக்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

முதலில் பீட்ரூட், ஏனென்றால் மலைக்காய்களில் அதிகம் பேர் மனசுக்குள் வெறுப்பது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. "மண் வாடை அடிக்கிறது" என்பார்கள், அது கற்பனை இல்லை. ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் இருக்கிறது, மழை பெய்ததும் தரையிலிருந்து எழும் மண்வாசனையிலும் அதே பொருள்தான் இருக்கிறது, மனித மூக்கு அதை மிகமிகச் சிறிய அளவிலேயே கண்டுகொள்ளும். தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும் அது அதிகம். அதனால் மெல்லியதாகச் சீவாமல் கொஞ்சம் தடிமனாகவே தோலை எடுத்துவிடுங்கள். அப்புறம் புளிப்பு சேருங்கள், அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாடை இறங்கிவிடும். வேக வைத்த பீட்ரூட்டில் எலுமிச்சை பிழிந்து அரை மணி நேரம் ஊற விடலாம், புளித்தண்ணீரில் வேகவைத்துக் காரக்குழம்பாக்கலாம், தயிர்ப் பச்சடியும் நன்றாக இருக்கும். தேங்காய் மட்டும் தூவிய பொரியலில் புளிப்பே கிடையாது, வாடை பிடிக்காதவருக்கு அதைக் கொடுத்துச் சாப்பிடவைக்க முயல்வது வீண்வேலை.

முட்டைகோஸ், காலிஃப்ளவர், ப்ரோக்கோலி, களக்கோஸ் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்) எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் கசப்பு எல்லோர் நாக்குக்கும் ஒன்றுபோல் தெரிவதில்லை. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது, பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில், கசப்பை உணரும் ஒரு மரபணு ஆளுக்கு ஆள் மாறுவது பின்னாளில் தெரியவந்தது. கோஸ் குடும்பத்துக் கசப்பும் அந்த மரபணுவோடு தொடர்புடையதுதான். ஆகவே கோஸ் கசக்கிறது என்று அழும் குழந்தையைத் தயவுசெய்து திட்டாதீர்கள், அதன் நாக்கில் உண்மையாகவே கசக்கிறது. கசப்புக்கு உப்பு நல்ல மருந்து, லேசான இனிப்பும் உதவும், துருவிய கேரட்டைச் சேர்த்து வதக்கினாலே வித்தியாசம் தெரியும். கோஸின் அழுகல் நாற்றம் வேறு கதை, அது நீண்ட நேரம் வேகவைப்பதால் வெளிவரும் கந்தகச் சேர்மங்களின் வேலை. மூடி போட்டுத் தண்ணீரில் குழைய விடாமல், சூடான வாணலியில் பெரிய தீயில் நான்கைந்து நிமிடம் வதக்கி இறக்குங்கள்.

மலைப்பூண்டு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் காரத்துக்கும் நீண்ட நாள் கெடாமல் இருக்கும் குணத்துக்கும்தான் அத்தனை பேர். அந்தக் காரமே சிலருக்கு ஆகாது. பூண்டு முழுசாக இருக்கும்வரை காரம் பிறப்பதில்லை. நசுக்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் நொதியும் இன்னொரு பொருளும் கலந்து அல்லிசின் உண்டாகிறது, சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். எனவே பிடிக்காதவருக்குச் சமைக்கும்போது நசுக்கிவிட்டு வதக்காதீர்கள், முழுப் பல்லை முதலில் எண்ணெயிலோ பாலிலோ வேகவைத்து அப்புறம் மசியுங்கள், இனிப்பாகக்கூட இருக்கும். சாப்பிட்ட பிறகு வாயில் நிற்கும் வாடைக்குப் பால், பச்சை ஆப்பிள் துண்டு, புதினா இலை ஏதாவது ஒன்று போதும்.

பட்டர் ப்ரூட்டைப் பழம் என்று நினைத்து இனிப்பை எதிர்பார்ப்பதில்தான் சிக்கலே. கொடைக்கானல் மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் இந்த மரங்கள் நிற்கும், கடைகளில் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துத் தருவார்கள், கெட்டியாக, கொழுப்பாக நாக்கில் ஒட்டும். அது பிடிக்காதவர்கள் காய்கறியைப் போல நடத்திப் பாருங்கள்: மசித்து, உப்பு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் கலந்து சூடான தோசைமேல் தடவிச் சாப்பிடுங்கள். வழவழப்பு தோசையின் மொறுமொறுப்பில் மறைந்துவிடும். அடுப்பில் வைத்து வேக விடாதீர்கள், கசந்துபோகும்.

சௌசௌவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீர் ஊற்றாமல் வதக்கினால் சப்பென்று இருக்காது, தோலை வீசாமல் உளுந்தும் மிளகாயும் வறுத்துத் துவையல் அரைத்தால் காயை வெறுப்பவரும் சாப்பிடுவார். காளானின் ரப்பர் தன்மைக்கு, எண்ணெய் விடாமல் வாணலியில் போட்டு அதன் தண்ணீர் முழுக்க வற்றும்வரை விட்டு, அப்புறம் மிளகும் எண்ணெயும் சேர்த்து முறுக வறுங்கள்.

அவரை, பட்டாணி, ராஜ்மா மாதிரி பருப்பு வகை பிடிக்கவில்லை என்கிறவர்கள் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. திறந்த பாத்திரத்தில் கீழ்நாட்டுக் கணக்குப்படி வேகவைத்தால் உள்ளே நறநறவென்று இருக்கும், வயிறும் உப்பிக்கொள்ளும். குக்கரில் வைத்து, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விட்டுப் பாருங்கள், ராகிக் களியோடு அந்த அவரைக் குழம்பு எப்படி இறங்குகிறது என்று தெரியும்.

டீ பிடிக்காமல் தேயிலை ஊரில் இருப்பது தனிக் கஷ்டம், எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது அதுதான். நாக்கை இழுக்கும் துவர்ப்பு பிடிக்காவிட்டால் பால் அதிகமாகக் கேளுங்கள், பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாலும் பிடிக்காவிட்டால், தூளைப் போட்டுக் கொதிக்கவைக்காமல், ஆர்த்தடாக்ஸ் எனப்படும், தூளாக்காத இலைத் தேயிலையில் சுடுதண்ணீர் ஊற்றி மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள், அது வேறு பானம் மாதிரியே இருக்கும். குளிர்காலத்தில் பறித்த நீலகிரி இலைக்கு நல்ல மணம் உண்டு. இதற்குப் பிறகும் பிடிக்கவில்லையா, சுக்குக் காபி கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

வர்க்கியைக் குறை சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஆறிப்போன பழைய வர்க்கி. குளிரில் அதிலிருக்கும் கொழுப்பு உறைந்து மேலண்ணத்தில் படலமாக ஒட்டும். விறகு அடுப்பில் சுடும் பேக்கரியில் அன்றைக்குச் சுட்டதாகப் பார்த்து வாங்கி, சூடான தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிடம் புரட்டுங்கள். டீயில் முக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் கிடையாது, ஊறிய மாவு பிடிக்காதவர்கள் கடித்துக்கொண்டு டீயைத் தனியே குடிக்கலாம். ஹோம்மேட் சாக்லேட்டிலும் கொழுப்புதான் பிரச்சினை. ஒரு துண்டை மெல்லாமல் நாக்கில் வைத்திருங்கள், கோகோ பட்டர் 34 டிகிரி அளவிலேயே உருகும் என்பதால் வாய்ச்சூட்டில் தானாகக் கரையும், அதற்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு போட்டது மெழுகுபோல நிற்கும். அரைக் கிலோ வாங்குவதற்கு முன்னால் ஒரு துண்டு ருசி பார்க்கக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், ஆனால் எப்போது சொல்கிறீர்கள் என்பது முக்கியம். தட்டில் விழுந்த பிறகு சொன்னால் சமைத்தவருக்கு வலிக்கும். சமைக்கும்போதோ, பரிமாற வரும்போதோ, பிடித்த ஒன்றைச் சேர்த்தே சொல்லுங்கள்: "அத்தை, எனக்குப் பூண்டு மட்டும் கொஞ்சம் ஆகாது, ரசம் இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க." "அக்கா, பீட்ரூட் வேண்டாம், அந்த அவரைக் குழம்பு அருமை, அதையே போடுங்க." பொய்யாக அலர்ஜி என்று மட்டும் சொல்லாதீர்கள். உண்மையாகவே அலர்ஜி இருப்பவர் நாளை அதே வீட்டில் சாப்பிட வரும்போது அவர் பேச்சை யாரும் நம்பாமல் போகலாம், அது உயிருக்கே ஆபத்து. பழனிப் பஞ்சாமிர்தம் மாதிரி பிரசாதம் என்றால் கையை நீட்டி "ஒரு துளி போதுங்க" என்று வாங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள், மரியாதைக்கு அதுவே நிறைவு.

பரிமாறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எங்க ஊர்க் கேரட்டு, சாப்பிடாமப் போகக்கூடாது" என்று இலையில் தள்ளாதீர்கள். குழந்தைகளை அடித்தோ மிரட்டியோ ஊட்டினால் வெறுப்பு இறுகிப்போகும், வற்புறுத்தாமல் பலமுறை ஒரு சிட்டிகை அளவு வைத்துக்கொண்டே வந்தால் தானாக எடுத்துப் பார்ப்பார்கள். விருந்தாளி வரும் நாளில் கொத்தமல்லித் தழையையும் வறுத்த பூண்டையும் எல்லாவற்றின் மேலும் தூவிவிடாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கொத்தமல்லி சிலருக்குச் சோப்பு மாதிரி மணக்கும், அதற்கும் பிறவியிலேயே காரணம் உண்டு. வேண்டியவர் எடுத்துப் போட்டுக்கொள்வார், வேண்டாதவரிடம் ஏன் என்று கேட்க வேண்டாம்.