பல்புலன் வாசிப்புப் பயிற்சியில் சேரப்போகும் ஆசிரியர்களுக்கு

ஆங்கிலம் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பல்புலன் வழியில், அதாவது கண், காது, வாய், விரல் எல்லாவற்றையும் சேர்த்து, சொல்லித்தரும் பயிற்சி என்று தேடினால் ஒருநாள் பட்டறையும் வரும், ஒரு வருடப் படிப்பும் வரும், இரண்டுமே சான்றிதழ் தரும். பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: நான் பாடம் நடத்தும்போது யாராவது பார்த்துத் திருத்துவார்களா? இல்லையென்றால் அது அறிமுக வகுப்பு, அவ்வளவுதான். 1930களில் உருவான ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் என்ற பல்புலன் முறையில், ஆசிரியருக்குத் தரும் அசோசியேட் நிலைச் சான்றுக்கே மேற்பார்வையோடு 100 மணி நேரம் கற்பித்திருக்க வேண்டும்.

சரி, சேர்ந்தாயிற்று. முதலில் திருத்த வேண்டியது நம் வாயைத்தான். ஆங்கில எழுத்தொலிகளைச் சொல்லும்போது நமக்குக் கடைசியில் ஓர் உகரம் தானாக ஒட்டிக்கொள்ளும். 'sit' என்ற சொல்லை "ஸு, இ, டு" என்று பிரித்துக் கொடுத்தால் பிள்ளை சேர்த்து "ஸுயிடு" என்கிறது, அதன்மேல் என்ன தப்பு? மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்துப் பழகியவர்கள் நாம், அந்தப் புள்ளியோடு ஸ், இ, ட் என்று சொல்லுங்கள். ஸ், ம் இரண்டையும் இழுக்கலாம், ட், ப் இரண்டையும் வெட்டி நிறுத்த வேண்டும். ஃபோனில் பதிவு செய்து கேட்டால் உகரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பல்புலன் என்றதும் களிமண், மினுக்குத்தாள் என்று கடைக்கு ஓடாதீர்கள். ஒரு மணல் தட்டு போதும். கண் எழுத்தட்டையைப் பார்க்க, விரல் மணலில் எழுத, எழுதும் அதே நொடியில் வாய் அந்த ஒலியைச் சொல்ல வேண்டும். எழுதி முடித்து அப்புறம் சொன்னால் அது மணல் விளையாட்டு. (ஆய்வுகளில் வலுவான ஆதாரம் இருப்பது எழுத்தையும் ஒலியையும் வரிசையாக, நேரடியாகச் சொல்லித்தருவதற்குத்தான். மணலும் விரலும் தனியாக எவ்வளவு உதவுகின்றன என்பதில் இன்னும் விவாதம் உண்டு. அதனால் வரிசையை விட்டுவிட்டுத் தட்டைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.)

வரிசை என்றால் கறார்தான். நடத்தாத எழுத்து ஒன்றுகூடச் சொல்வதெழுதுதலில் வரக்கூடாது. ஆங்கிலத்தின் b, d இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள், ஒன்று கையில் நன்றாகப் படிந்த பிறகு மற்றது. பிள்ளை தவறாகப் படித்தால் சரியான சொல்லை எடுத்துக்கொடுக்காமல், இடறிய எழுத்தின்கீழ் விரலை வைத்து "இதன் ஒலி என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அந்த இடறலைக் குறித்துவையுங்கள், நாளைய பாடம் அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கும்.

மேற்பார்வையாளர் வரும் நாளில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை உட்காரவைக்க ஆசை வரும். ரொம்பத் திணறுகிற பிள்ளையையே கூப்பிடுங்கள், கட்டிய பணத்துக்கு அன்றைக்குத்தான் வேலை.