பழைய .32 ரிவால்வர் தோட்டா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாத்தா காலத்து .32 ரிவால்வரை உரிமத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் சென்னையில் உண்டு. அதில் பெரும்பாலும் போடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங் தோட்டா. 1896-ல் வந்த இதைத்தான் கான்பூரில் தயாராகும் நம் நாட்டு ரிவால்வரும் சுடுகிறது. அழுத்தம் குறைந்த தோட்டா என்பதால் பலர் இதை அலட்சியமாகக் கையாள்கிறார்கள்.

இருப்பதிலேயே பெரிய தவறு, சுட்டு முடித்த காலி உறையை வீட்டிலேயே திரும்ப நிரப்பலாம் என்று நினைப்பது. அமெரிக்காவில் இது பலருக்குப் பொழுதுபோக்கு. அந்த வீடியோக்களைப் பார்த்து இங்கே யாரும் இறங்கக் கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் அதற்குச் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இந்தத் தோட்டா கைவேலைக்கு ஆபத்தானது. இதற்குத் தேவைப்படும் புகையில்லா வெடிமருந்து மிகக் கொஞ்சம். உறைக்குள் பெரும்பகுதி காலியாகவே கிடக்கும். தவறுதலாக இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. இதற்கு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. மருந்து இரட்டித்தால் அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்காது. சிலிண்டர் பிளக்கும், அதன் மேலுள்ள இரும்புச் சட்டகம் பெயரும், சிதறல் சுடுபவரின் முகத்துக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பாயும்.

மருந்தே விழாமல் போனாலோ, ஈரத்தில் கெட்டிருந்தாலோ, பிரைமரின் (உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) விசை மட்டும் குண்டைத் தள்ளி, குழலின் நடுவில் நிறுத்திவிடும். இது கடையில் வாங்கிய பழைய தோட்டாவிலும் நேரும். சத்தமும் உதைப்பும் வழக்கத்தைவிடக் குறைந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த குண்டு அதன் மேல் மோதினால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். அடைத்த குண்டை நீங்களே கம்பியால் தட்டி எடுக்க வேண்டாம்; உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

வெடிக்காத தோட்டா வேறு கதை. உடனே மறுபடி ட்ரிகரை இழுப்பது ரிவால்வரில் கூடவே கூடாது. சிலிண்டர் சுழன்று அந்தத் தோட்டா குழலுக்கு நேரிலிருந்து விலகிவிடும். பிரைமர் தாமதமாகப் பற்றினால் குண்டு வெளியேற வழி இருக்காது. குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது 30 வினாடி பொறுத்து, பிறகு சிலிண்டரைத் திறங்கள்.

வாங்கும்போது வெறுமனே ".32" என்று கேட்பதும் தவறு. .32 ஏசிபி பிஸ்டலுக்கானது. உறையின் பருமன் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ரிவால்வர் சிலிண்டருக்குள்ளும் போய்விடும். அதன் அடி விளிம்பின் விட்டம் 9.1 மில்லிமீட்டர், லாங்குக்கு 9.5. பிடிமானம் குறைவு, உச்ச அழுத்தமோ 20,500 பவுண்டு. பழைய இரும்பு அதைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். கோல்ட் நிறுவனத்தின் பழைய ரிவால்வரில் ".32 போலீஸ்" என்று பொறித்திருந்தால் அது லாங் தோட்டாவைத்தான் குறிக்கிறது, ".32 கோல்ட்" என்பது வேறு, மெலிந்த தோட்டா. குழப்பம் இருந்தால் வாங்குமுன் ரிவால்வரை மெக்கானிக்கிடம் காட்டி உறுதிசெய்யுங்கள்.

சென்னையில் தோட்டாவைக் கெடுப்பது கடற்காற்றும் ஐப்பசி மழையும். தோல் உறையிலோ தோல் பெல்ட்டிலோ மாதக்கணக்கில் தோட்டாவைச் செருகி வைத்தால், தோலைப் பதப்படுத்திய அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணும் ஆகாது. மே மாத வெப்பம் மருந்தைச் சிதைக்கும். வாங்கிய அட்டைப் பெட்டியோடு, சிலிக்கா ஜெல் பை போட்ட மூடிய டப்பாவில், வீட்டின் குளிர்ந்த அறையில் பூட்டி வையுங்கள். பெட்டியைத் தூக்கி எறிந்தால் தயாரிப்பு எண்ணும் அதோடு போய்விடும். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்ட கையோடு தோட்டாவைத் தொடாதீர்கள்; எண்ணெய் கசிந்து பிரைமரைச் சாகடிக்கும்.

களிம்பு ஏறியதை அமோனியா கலந்த பாலிஷால் தேய்ப்பது அதைவிட மோசம். பிரிட்டிஷ் ஆட்சியில், இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்று 1921-ல் விளக்கம் கிடைத்தது. அழுத்தி வடிவமைத்த பித்தளைக்கும் அமோனியாவுக்கும் ஒத்துவராது. லேசான கறையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பச்சை பிடித்தது, விரிசல் கண்டது, குண்டு ஆடுவது, பிரைமர் வெளியே தள்ளி நிற்பது, எல்லாவற்றையும் ஒதுக்குங்கள்.

ஒதுக்கியதைக் கூவத்திலோ குப்பையிலோ போடக் கூடாது. பிரித்து மருந்தைக் கொட்டவும் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ கேட்டு ஒப்படையுங்கள். தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கும்போதும் இதே கவனம் தேவை: ரசீதில் துப்பாக்கி எண்ணோடு தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.