ஹைவில் எழுதி முதல் வருமானம்: புதிதாக வருபவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும் பொதுப் பதிவேடு) மீது இயங்கும் சமூக வலைத்தளங்களில் எழுதினால் காசு வரும் என்று கேள்விப்பட்டு வருபவர்கள் பலர். நாலைந்து பதிவு போடுவார்கள். ஒவ்வொன்றின் கீழும் 0.00 என்றே நிற்கும். சலித்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள். எழுத்தில் குறை இருந்தால்தான் இப்படி ஆகும் என்றில்லை. பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் இறங்கினால் நல்ல எழுத்துக்கும் இதே கதிதான்.

இங்கே ஹைவை வைத்து விளக்குகிறேன். 2016-இல் தொடங்கிய ஸ்டீம் என்ற இதே வகை பிளாக்செயினிலிருந்து 2020 மார்ச்சில் பிரிந்து வந்த பிளாக்செயின் இது. ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை கிரிப்டோ தொழிலதிபர் ஜஸ்டின் சன் வாங்கியதும் மூண்ட தகராறில், பயனர்களில் ஒரு பெரும்பகுதி தனிக்குடித்தனம் போய்விட்டது. ஸ்டீமிலும் அடிப்படை ஏறக்குறைய இதுவேதான். எண்கள் சில மாறும்.

படி 1: கணக்கும் சாவிகளும்

ஹைவ்.பிளாக், பீக்டி, ஈசென்சி என்று பல தளங்கள் உண்டு. எதில் எழுதினாலும் கணக்கு ஒன்றே, பதிவும் எல்லாவற்றிலும் தெரியும். கணக்கு தொடங்கும்போது ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டும் நான்கு சாவிகளும் கிடைக்கும். எழுதவும் ஓட்டுப் போடவும் போஸ்டிங் சாவி போதும். பணத்தை நகர்த்த ஆக்டிவ் சாவி. சாவிகளையே மாற்ற ஓனர் சாவி. மெமோ சாவி ரகசியக் குறிப்புகளுக்கு, அது அவ்வளவாகத் தேவைப்படாது.

எல்லாவற்றையும் இணையத்துக்கு வெளியே இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்த இங்கே பொத்தான் கிடையாது. "உங்கள் பதிவுக்குப் பரிசு காத்திருக்கிறது" என்று கமெண்டில் வரும் இணைப்பில் போய் ஆக்டிவ் சாவியைக் கொடுத்தால் வாலட் காலி.

படி 2: ஓட்டின் எடையைப் புரிந்துகொள்ளுங்கள்

சிறிய படைப்பாளியின் சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது. பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு பைசா கிடையாது. ஓட்டுக்குத்தான் காசு, அந்த ஓட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஓட்டுப் போடுபவர் எவ்வளவு ஹைவ் பவர் (உடனே எடுக்க முடியாதபடி கணக்கிலேயே பூட்டி வைத்த ஹைவ் நாணயம்) வைத்திருக்கிறாரோ அதைப் பொறுத்தது அதன் மதிப்பு. உங்களைப் போன்ற புதியவர்கள் ஐம்பது பேர் ஓட்டுப் போட்டும் எண் அசையாமல் இருக்கலாம். பவர் நிறைய உள்ள ஒருவர் போட்டால் சட்டென்று ஏறும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் விதி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது, அந்த மட்டில் நல்லது.

இன்னும் இரண்டு விதிகள். ஒரு பதிவு சம்பாதிப்பது 7 நாள் மட்டுமே. அதன்பின் ஆயிரம் பேர் தேடி வந்து படித்தாலும் அதற்குப் புதிதாக ஒன்றும் சேராது. ஓட்டுப் போடுபவருக்கும் பங்கு உண்டு என்பதால், அந்தப் பங்கு குறையாத முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலானோர் போட்டுவிடுகிறார்கள். ஆகவே பதிவைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கமெண்டுக்குப் பதில் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்கும் வேளையில் வெளியிடுங்கள்.

படி 3: அறிமுகப் பதிவு, பிறகு ஒரு சமூகம்

முதலில் உங்களை அறிமுகம் செய்து ஒரு பதிவு. யார், எதைப் பற்றி எழுதப்போகிறீர்கள், உங்கள் வேலைக்கு ஒரு சான்று. புகைப்படமோ ஓவியமோ உங்களுடையதாகவே இருக்கட்டும். பிறகு உங்கள் துறைக்கான சமூகம் ஒன்றைத் தேடிச் சேர்ந்து, அதன் விதிகளைப் படித்துவிட்டு அங்கேயே எழுதுங்கள். சமூகத்துக்கு வெளியே போடும் பதிவு கண்ணில் படுவது கடினம்.

படி 4: பதிவைவிடக் கமெண்டுக்கு நேரம் கொடுங்கள்

முதல் சில வாரங்களுக்கு என் ஆலோசனை இதுதான்: பதிவு வாரத்துக்கு ஒன்றிரண்டு போதும், மிச்ச நேரமெல்லாம் கமெண்டுக்கு. "அருமை", "நன்றி, நல்ல பதிவு" என்பதெல்லாம் கமெண்டே அல்ல. ஒருவர் செடி வளர்ப்பு பற்றி எழுதியிருந்தால், மூன்றாவது படத்தில் இலை மஞ்சளாக இருக்கிறதே, தண்ணீர் அதிகமாகிவிட்டதா என்று கேளுங்கள். நீங்கள் உண்மையாகவே படித்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் அவர் உங்கள் பக்கத்துக்கு வந்து பார்ப்பார். கமெண்டுக்கும் ஓட்டு விழும் என்பது கூடுதல் லாபம்.

இடையில் "ரிசோர்ஸ் கிரெடிட் போதவில்லை" என்று தளம் தடுக்கலாம். எழுதவும் ஓட்டுப் போடவும் செலவாகும் பயன்பாட்டு அளவுதான் இந்தக் கிரெடிட். பதற வேண்டாம். பவர் குறைந்த கணக்கு அடிக்கடி எழுத முடியாது, அவ்வளவுதான். தீர்ந்த கிரெடிட் 5 நாளில் முழுதாக நிரம்பிவிடும். யாராவது கொஞ்சம் கிரெடிட்டை உங்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கவும் வழி உண்டு. சமூகத்தில் கேட்டுப் பாருங்கள்.

படி 5: திரையில் தெரியும் தொகையைக் கணக்குப் போடுங்கள்

பதிவின் கீழே 1.00 என்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் பாதி, 0.50, ஓட்டுப் போட்டவர்களுக்கு. மிச்சம் 0.50 உங்களுக்கு, வழக்கமான அமைப்பில் அதில் ஒரு பாதி, மதிப்பு டாலரை ஒட்டி நிற்கும் எச்.பி.டி. என்ற ஹைவின் இன்னொரு நாணயமாகவும், மறுபாதி ஹைவ் பவராகவும் வரும். ஆக, உடனே எடுக்கக்கூடியது 0.25 அளவுதான். மொத்தமே 0.02-ஐத் தொடவில்லை என்றால் அதுவும் கிடையாது, பூஜ்யம்.

தொடக்கத்தில் முழுவதையும் பவராகவே பெறும்படி அமைத்துக்கொள்வது என் விருப்பம். கிரெடிட் தட்டுப்பாடு தீரும், உங்கள் ஓட்டுக்கும் கொஞ்சம் எடை வரும். ஒரு முழு ஓட்டுக்கு ஓட்டுச் சக்தியில் 2 சதவீதம் செலவாகும்; நாளுக்கு 20 சதவீதம் திரும்ப ஏறும். தினம் பத்து முழு ஓட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

படி 6: டவுன்வோட் (வருமானத்தைக் குறைக்கும் எதிர் ஓட்டு) விழுந்தால்

அடுத்தவர் எழுத்தையோ படத்தையோ எடுத்துப் போட்டால் நிச்சயம் விழும். செயற்கை நுண்ணறிவு எழுதியதை அப்படியே ஒட்டினாலும் விழ வாய்ப்பு அதிகம். சில வேளை காரணமில்லாமலும் விழும், அதுவும் உண்மை. பொதுவில் சண்டைக்குப் போகாமல், பதிவின் கீழ் ஒருமுறை மரியாதையாகக் காரணம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த பதிவைப் பாருங்கள்.

படி 7: பணத்தை வெளியே எடுப்பது

பவராக இருப்பதை ஒரே நாளில் எடுக்க முடியாது. "பவர் டவுன்" கொடுத்தால் 13 வாரத் தவணையில் வரும். அதற்குள் ஹைவின் விலை எங்கே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே மாதச் செலவுக்கு இதை நம்பாதீர்கள். எக்ஸ்சேஞ்சுக்கு (நாணயத்தை விற்றுப் பணமாக்கும் தளம்) அனுப்பும்போது அவர்கள் தரும் மெமோவை, அதாவது தொகை உங்களுடையது என்று காட்டும் குறிப்பை, சரியாக ஒட்டுங்கள்; இது மெமோ சாவி அல்ல. அது இல்லாமல் போன தொகையைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு. முதல் முறை ஒரு சிறு தொகையை அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள்.