பெருமந்தத்தில் அரசு எதை முதலில் செய்வது? 1933 அமெரிக்கா காட்டும் வரிசை

நாடே படுத்துவிட்ட நேரத்தில் அரசின் மேசையில் நூறு யோசனைகள் குவியும். பாதிக்கு மேல் நல்ல யோசனைகளாகவே இருக்கும். ஆனால் வரிசை தவறினால் நல்ல யோசனையும் கெடுதல் செய்யும். 1929 முதல் 1933 வரை அமெரிக்காவின் உற்பத்தி கால் பங்குக்கும் மேல் சுருங்கியது. நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூடின. அதன்பின் ஆட்சிக்கு வந்த அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 'நியூ டீல்' என்ற மீட்புத் திட்டங்களை வைத்து அந்த வரிசையைப் பார்ப்போம். அவற்றில் வெற்றியும் உண்டு, சறுக்கலும் உண்டு. கற்க இரண்டும் வேண்டும்.

முதல் வேலை வங்கி

வங்கி வாசலில் கூட்டம் நிற்கும்வரை வேறெந்தத் திட்டமும் வேலை செய்யாது. அரசு கொடுக்கும் பணம் தலையணைக்கு அடியில் போய்விடும். ரூஸ்வெல்ட் பதவியேற்றது 1933 மார்ச் 4. மார்ச் 6 அன்று நாடெங்கும் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். மார்ச் 9 அன்று நெருக்கடிகால வங்கிச் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது. மார்ச் 12 ஞாயிறு இரவு, எந்த வங்கி ஏன் திறக்கும், ஏன் திறக்காது என்று வானொலியில் எளிய சொற்களில் விளக்கினார். மறுநாள் முதல் வங்கிகள் படிப்படியாகத் திறந்தன. எடுக்க நின்ற அதே மக்கள் போட நின்றார்கள்.

இதைச் செய்யும் முறை: வங்கிகளை மூன்றாகப் பிரியுங்கள். நல்ல நிலையில் உள்ளவை உடனே திறக்கட்டும். தள்ளாடுபவற்றுக்கு மூலதனம் கொடுத்துத் திறக்க வையுங்கள். மீளவே முடியாதவற்றை மூடிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் கெட்ட வங்கியைப் பற்றிய பயம் நல்ல வங்கியையும் சாய்த்துவிடும்.

தள்ளாடும் வங்கிக்கு எந்த வடிவில் பணம் கொடுப்பது என்பதிலும் கவனம் தேவை. 1932-ல் தொடங்கிய, அரசின் மறுசீரமைப்பு நிதிக் கழகம் முதலில் கடனாகத்தான் கொடுத்தது. கடனுக்கு வங்கி தன் நல்ல சொத்துகளை ஈடு வைக்க வேண்டியிருந்தது. மிஞ்சியவை வைப்பாளர்களைக் காப்பாற்றப் போதவில்லை. அந்த ஆகஸ்டில் கடன் வாங்கிய வங்கிகளின் பெயர்கள் வெளியாகத் தொடங்கியதும், பட்டியலில் பெயரைக் கண்ட மக்கள் அந்த வங்கிக்கே பணம் எடுக்க ஓடினார்கள். 1933-க்குப் பின் கழகம் வங்கிகளின் முன்னுரிமைப் பங்குகளை (இலாபத்தில் முதல் உரிமை உள்ள பங்குகள்) வாங்கி மூலதனமாகவே போட்டது. வலுவான வங்கிகளையும் பங்கு விற்கச் சொன்னது. அதனால், யார் பலவீனமானவர் என்று பட்டியலைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்தது வைப்புக் காப்பீடு: வங்கி மூடினாலும் போட்ட பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி. 1934 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 2,500 டாலர் வரை பாதுகாப்பு கிடைத்தது. ஜூலையில் அது 5,000 ஆனது. 1934-ல் காப்பீடு பெற்ற வங்கிகளில் மூடியவை 9 மட்டுமே.

விலைச் சரிவை நிறுத்துங்கள்

விலையும் கூலியும் சரிந்தாலும் வாங்கிய கடன் சரியாது. கோதுமை விலை பாதியானால் விவசாயியின் கடன் இரட்டிப்பானதாகத்தான் கணக்கு. தங்கத்தோடு கட்டப்பட்ட நாணயத்தை வைத்துக்கொண்டு பணப் புழக்கத்தைத் தாராளமாகப் பெருக்க முடியாது. அமெரிக்கா 1933 ஏப்ரலில் அந்தக் கட்டை அவிழ்த்தது. 1934 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் தங்கம் 20.67 டாலரிலிருந்து 35 டாலர் ஆனது; அதே தங்கத்தை வைத்துக் கூடுதல் பணம் வெளியிட முடிந்தது. நியூ டீலில் அதிகம் பேசப்படாத இதுதான் மீட்சிக்கு மிகப் பெரிய உந்துதல் என்பது எங்கள் கருத்து.

கையில் பணம், பிறகு வேலை

பசிக்குத் தவணை கிடையாது. 1933 மே மாதம் கூட்டாட்சி நெருக்கடி நிவாரண அமைப்புக்கு 50 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் பாதிக்கு ஒரு நிபந்தனை: மாநிலம் 3 டாலர் செலவிட்டால் மத்திய அரசு 1 டாலர் தரும். இந்த விதி மட்டும் இருந்திருந்தால் வறண்டுபோன மாநிலங்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. மீதிப் பாதியை நிபந்தனையின்றி, தேவை பார்த்துக் கொடுக்க வைத்திருந்ததுதான் அந்த மாநிலங்களைக் காப்பாற்றியது.

வேலைத் திட்டங்களில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹரால்ட் இக்கீஸ் நடத்திய பொதுப்பணி நிர்வாகத்திடம் 330 கோடி டாலர் இருந்தது. பாலம், அணை, பள்ளிக் கட்டடம் என நிலைத்து நிற்கும் வேலைகள். வரைபடம், நிலம், சட்டப் பரிசோதனை, ஒப்பந்தம் எல்லாம் முடிந்த பிறகே ஆள் எடுக்க முடியும். 1933 குளிர்காலத்துக்கு அது உதவவில்லை. ஹாரி ஹாப்கின்ஸ் நவம்பரில் தொடங்கிய குடிமைப் பணி நிர்வாகமோ சாலை செப்பனிடுதல், பள்ளிக்கு வெள்ளையடித்தல், சாக்கடை வெட்டுதல் போன்ற உடனே தொடங்கக்கூடிய வேலைகளை எடுத்தது. ஜனவரிக்குள் 40 லட்சம் பேருக்கு வேலை. பெரிய திட்டத்துக்கு இன்றே கையெழுத்திடுங்கள். ஆனால் இந்தக் குளிர்காலத்துக்குச் சிறிய வேலையைக் கொடுங்கள்.

கூலியை நிவாரணத் தொகைக்கு மேலும் தனியார் சம்பளத்துக்குக் கீழும் வைக்க வேண்டும் என்பது 1935-ல் வந்த பணி முன்னேற்ற நிர்வாகம் எடுத்த நிலை. தனியார் வேலை திரும்பியதும் மக்கள் தாமாகவே அங்கே போக அது வழி வைத்தது. இளைஞர்களுக்கான வனப் படையில் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் வரை நேராக வீட்டுக்குப் போனது. காட்டில் ஒருவர் மரம் நட, ஊரில் ஒரு குடும்பம் அரிசியும் துணியும் வாங்கியது.

வீட்டுக் கடன்

அன்றைய அடமானக் கடன் பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுக்கானது. வட்டியை மட்டும் கட்டிவிட்டு முடிவில் மொத்த அசலையும் கொடுக்க வேண்டும். வங்கி புதுப்பிக்க மறுத்தால் வீடு ஏலத்துக்குப் போகும். 1933-ல் அமைந்த வீட்டு உரிமையாளர் கடன் கழகம் கடன் கொடுத்தவருக்குப் பத்திரம் கொடுத்து அந்தக் கடனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. வீட்டுக்காரருக்கு 5 சதவீத வட்டியில், 15 ஆண்டுகளில், அசலும் வட்டியும் சேர்ந்த தவணையாக மாற்றிக் கொடுத்தது. முதலில் பத்திரத்தின் வட்டிக்கு மட்டுமே அரசு உத்தரவாதம் இருந்ததால் கடன் கொடுத்தவர்கள் தயங்கினார்கள். 1934-ல் அசலுக்கும் உத்தரவாதம் வந்த பிறகே தயக்கம் நீங்கியது. ஏறத்தாழ 10 லட்சம் வீடுகள் இந்த வழியில் புதுக் கடன் பெற்றன.

எங்கே கெட்டுப்போகும்

விவசாயிக்கு விலை கிடைக்கச் சாகுபடியைக் குறைக்கப் பணம் கொடுத்தார்கள். பணம் போனது நில உரிமையாளரின் கைக்கு. தெற்கின் பருத்தி வயல்களில் விளைச்சலில் பங்குக்கு உழைத்த குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பணத்தில் பங்கும் வரவில்லை, நிலமும் போயிற்று. நிலம் சும்மா கிடந்தால் ஆள் எதற்கு? எனவே உதவித்தொகையை யார் பெயரில் எழுதுகிறீர்கள் என்பதை விதியிலேயே தீர்மானியுங்கள். உழைப்பவரின் பங்கை அவர் பெயருக்கே நேராக அனுப்புங்கள். 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் வயல் தொழிலாளரும் வீட்டு வேலை செய்பவர்களும் விடுபட்டார்கள். கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் செய்துவந்த வேலைகள் இவை. இந்த அநீதி பெரியது, நீண்ட காலம் நீடித்தது.

தொழில்துறைக்கு விலையையும் கூலியையும் ஒப்பந்த விதிகளால் உயர்த்த முயன்ற திட்டம் போட்டியை மட்டுமே அடக்கியது. 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வேளாண் திட்டத்துக்கும் 1936 ஜனவரியில் அதே கதி. அவசரத்தில் எழுதும் சட்டத்துக்கு அரசியல் சாசன அடித்தளத்தையும் அப்போதே பார்த்து வையுங்கள்.

எப்போது நிறுத்துவது

மிகக் கடினமான முடிவு இது. 1937-ல் நிலைமை தேறியதாகத் தெரிந்தது. அரசு செலவைக் குறைத்தது. ஜனவரியிலிருந்து சமூகப் பாதுகாப்பு வரி சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மத்திய வங்கி 1936 ஆகஸ்டு முதல் 1937 மே வரை மூன்று படிகளில் வங்கிகளின் கட்டாய இருப்பு விகிதத்தை (வைப்புப் பணத்தில் கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டிய பங்கு) இரட்டிப்பாக்கியது. எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் மூடியதால் தொழில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து பார்த்திருந்தால் இடறும் படி எது என்று தெரிந்திருக்கும். விலை தேறியதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். வேலை தேடுவோர் எண்ணிக்கையைப் பாருங்கள். 1937-ல் அது இன்னும் 14 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. மறு ஆண்டு 19-ஐத் தொட்டது. 1938 ஏப்ரலில் செலவை மீண்டும் தொடங்கிய பிறகே, அந்தக் கோடையில் சரிவு நின்றது.