பின் டிஸ்க் பிரேக் பேட்: பிஸ்டனிடம் பலத்தைக் காட்டாதீர்கள்

காரின் முன் சக்கரத்தில் இரண்டு மூன்று தடவை பிரேக் பேட் மாற்றிக் கை பழகியவர்கள்தான் பின் சக்கரத்தில் வகையாக மாட்டிக்கொள்கிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை விடுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த தவறுகள், அவற்றை விட்டுவிடுவோம்.

பிஸ்டனை நேராக அழுத்துவது

புது பேட் தடிமனாக இருக்கும். அதற்கு இடம் விட்டு, பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் உருளையான பிஸ்டன் உள்ளே போக வேண்டும். முன் காலிப்பரில் (பிஸ்டனும் பேட்டும் இருக்கும் பிடி) சி-கிளாம்ப் என்ற திருகுப் பிடியை வைத்து அழுத்தினால் சமர்த்தாகப் போய்விடும். அதே கிளாம்பைப் பின்னாலும் மாட்டுவார்கள். நகராது. கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி இன்னும் முறுக்குவார்கள். "பிஸ்டன் துருப்பிடித்துவிட்டது" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

துருவாவது ஒன்றாவது! பல கார்களில் ஹேண்ட்பிரேக் பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் மரை போட்ட தண்டு. பேட் தேயத் தேய பிஸ்டனை முன்னே நகர்த்தி வைக்கும் அட்ஜஸ்டர். சுற்றினால்தான் அந்த மரை வழிவிடும். முரட்டுத்தனமாக அழுத்தினால் அட்ஜஸ்டர் பழுதாகும். பெடல் சரியாக இருப்பதுபோல் தோன்றி, பிறகு மேட்டில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் போகலாம். பேட் வாங்கப் போனவர் காலிப்பரும் வாங்கித் திரும்புவார்.

பிஸ்டன் முகத்தில் பள்ளங்களோ சிலுவை வெட்டோ இருந்தால் பெரும்பாலும் சுற்றும் வகைதான். ஹேண்ட்பிரேக்கை முழுதாக விடுவித்து, அதற்கென உள்ள கருவியால் அழுத்திக்கொண்டே திருப்புங்கள். பெரும்பாலும் வலஞ்சுழி, சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் இடஞ்சுழி. டஸ்ட் பூட் (பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) முறுக்கிக்கொண்டால் நிறுத்தி, நேராக்கிவிட்டுத் தொடருங்கள். உள் பேட்டின் முதுகில் முளை இருந்தால், பிஸ்டன் பள்ளம் அதற்கு நேராக நிற்க வேண்டும். தவறினால் பேட் சாய்ந்து உட்கார்ந்து கோணலாகத் தேயும்.

ஹேண்ட்பிரேக் லீவருக்குப் பதில் பொத்தான் உள்ள வண்டியா? ஸ்கேனராலோ, கையேட்டில் சொன்ன முறையிலோ சர்வீஸ் மோடுக்கு (பேட் மாற்றுவதற்கான நிலை) கொண்டுபோய், ஹேண்ட்பிரேக் மோட்டார் பின்வாங்கிய பிறகே பிஸ்டனைத் தொடுங்கள். அதில் பெரும்பாலும் நேராகத் தள்ளினாலே போதும். வேலை முடியும்வரை அந்தப் பொத்தான் பக்கம் யாரும் போகக் கூடாது.

வெளிப் பேட்டை மட்டும் பார்ப்பது

சக்கரத்தின் இடுக்கில் தெரிவது வெளிப் பேட். காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின் இறுகியிருந்தால் வெளியே 7 மி.மீ. இருக்கும்போதே பிஸ்டன் பக்கத்து உள் பேட் 2 மி.மீ.க்கு வந்திருக்கும். பேட்டின் முதுகிலுள்ள இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் நான்கு பேட்டையும் அளவெடுங்கள், 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றலாம். ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ் போடுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும்.

காலிப்பரை ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் குழாயில்) தொங்கவிடுவது

கம்பியால் கட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

கூடாது.

பிரேக் ஆயில் டப்பாவை மறப்பது

பிஸ்டன் உள்ளே போகப் போக மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்ட் போச்சு.

பெடலை மிதிக்காமல் கிளம்புவது

முதல் மிதி தரைவரை போகும். அது பார்க்கிங்கிலேயே நடந்து முடியட்டும்: பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டு, ஆயில் மட்டத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு வண்டியை நகர்த்துங்கள்.