முதலீட்டுச் சுற்றுக்கு முன் கேப் டேபிளைச் சரிபார்ப்பது எப்படி

ஸ்டார்ட்அப்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் வேலை பார்க்கும் சட்ட நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் கேப் டேபிள்தான், அதாவது நிறுவனத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று காட்டும் அட்டவணை. எக்செல் வேலைதானே என்று இளையவரிடம் தள்ளிவிடுவார்கள். பங்கு விலை இதிலிருந்துதான் வருகிறது என்பதால், இங்கே விழும் பிழை எல்லா ஒப்பந்தங்களுக்கும் பரவும்.

நிறுவனர் அனுப்பும் கோப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பங்குப் பதிவேடு, போர்டு தீர்மானங்கள், கையெழுத்தான ஒப்பந்தங்கள் மூன்றையும் வைத்து நீங்களே புதிதாக ஒன்று போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த ஆவணம், என்ன தேதி என்று எழுதுங்கள். ஆவணம் கிடைக்காத வரிகளே உங்கள் கேள்விப் பட்டியல். ஆலோசகருக்கு மின்னஞ்சலில் "1% தருகிறோம்" என்று சொல்லிவிட்டு போர்டு ஒப்புதல் வாங்காமல் விட்டிருப்பது அடிக்கடி அகப்படும்.

விலகிப்போன இணை நிறுவனரைத் தனியாகப் பாருங்கள். 4 ஆண்டு வெஸ்டிங் (பங்கு கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாவது), 1 ஆண்டு கிளிஃப் (அதற்கு முன் போனால் எதுவும் இல்லை), பிறகு மாதாமாதம் என்றால், 16 லட்சம் பங்கு பெற்று 18ஆம் மாத முடிவில் விலகியவருக்குச் சேர்ந்தது 6 லட்சம்தான். மீதி 10 லட்சத்தை நிறுவனம் திரும்ப வாங்க ஒப்பந்தத்தில் கெடு இருக்கும். கெடு தாண்டியிருந்தால் உடனே மூத்தவரிடம் சொல்லுங்கள். சுற்றை முடித்துப் பணம் கைமாறும் குளோசிங் வாரத்தில் இது வெளிவந்தால் பேரம் பேசும் பலம் விலகியவர் கையில்.

சேஃப் (SAFE: இப்போது பணம் வாங்கி, அடுத்த சுற்றில் பங்கு தரும் ஒப்பந்தம்) இருந்தால் எந்த வகை என்று பாருங்கள். ஸ்டார்ட்அப்களுக்கு ஆரம்ப முதலீடு தரும் அமெரிக்க நிறுவனமான ஒய் காம்பினேட்டர் 2018இல் கொண்டுவந்த போஸ்ட்-மனி வகையில், 50 லட்சம் கேப்பில் (பங்காக மாறும்போது எடுத்துக்கொள்ளும் நிறுவன மதிப்பின் உச்சவரம்பு) 5 லட்சம் வாங்கினால் 10% போகிறது. இப்படி மூன்று வாங்கியிருந்தால், புதுச் சுற்றின் பணம் வருமுன்பே 30% போயாயிற்று. ஒரு சேஃப் இன்னொன்றின் பங்கைக் குறைக்காது; அடி முழுவதும் நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும்தான். பல நிறுவனர்களுக்கு இந்தக் கணக்கைப் பார்க்கும் அன்றுதான் இது தெரியும்.

இனி ஆப்ஷன் பூல், அதாவது ஊழியர்களுக்குத் தர ஒதுக்கிவைக்கும் பங்குகள். அதிகம் சொதப்புவது இங்கேதான். ப்ரீ-மனி (புதுப் பணம் வருமுன் நிறுவன மதிப்பு) 80 லட்சம், முதலீடு 20 லட்சம், சுற்று முடிந்தபின் பூல் 10% என்று முக்கிய நிபந்தனைகளை எழுதிய டெர்ம் ஷீட் சொல்கிறது. சேஃப் பங்காக மாறியதையும் சேர்த்து இப்போது 70 லட்சம் பங்கு. பழைய பூல் இல்லை. முதலீட்டாளருக்கு 20%, பூலுக்கு 10% போனால் இந்த 70 லட்சம் மொத்தத்தில் 70%. ஆக மொத்தம் 1 கோடி: முதலீட்டாளருக்கு 20 லட்சம், பூலுக்கு 10 லட்சம், விலை 1.00. பூலை மறந்து 80 லட்சத்தை 70 லட்சத்தால் வகுத்தால் விலை 1.1429 ஆகும், பிறகு பூலைச் சேர்க்கும்போது முதலீட்டாளர் 18%க்கு இறங்கிவிடுவார். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் முதலில் தட்டிப் பார்க்கும் செல் இதுதான்.

விலையை எத்தனை தசம இடம் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள், நான்கு போதும். பங்கு எண்ணிக்கையை எப்போதும் கீழ்நோக்கி முழு எண்ணாக்குங்கள். அதனால் கட்டவேண்டிய தொகை பேசியதைவிடச் சில காசுகள் குறையும். அந்தச் சரியான தொகையை எழுத்தில் அனுப்பிய பிறகே பணம் போடச் சொல்லுங்கள். முழுத் தொகையாகப் போட்டுவிட்டால், மிச்சத்தைத் திருப்பி அனுப்ப வங்கியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.