லாரி ஓட்டுநரின் மருத்துவச் சான்று: டாக்டரிடம் போகும் முன் நாம் செய்யும் தவறுகள்

மூன்று முறை நான் டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மருத்துவச் சான்று வாங்கியிருக்கிறேன். லைசென்ஸ் ரினிவல் வந்தால் ஓர் இடைத்தரகரிடம் போட்டோவும் பணமும் கொடுப்பேன். சாயங்காலத்துக்குள் கையெழுத்தும் முத்திரையும் வைத்த தாள் வந்துவிடும். நாலாவது முறை அந்த ஆள் ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல் நேரிலேயே ஒரு டாக்டரிடம் போனேன். அவர் என் வலது கண்ணை அட்டையால் மூடி, வாசலுக்கு எதிரே தள்ளி நின்ற வேனின் நம்பரைப் படிக்கச் சொன்னார். வேன் தெரிந்தது. மஞ்சள் பலகை தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. "எத்தனை மாதமாக இப்படி?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கண்ணோடுதான் ராணிப்பேட்டையில் லோடு ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க பெங்களூரு ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சர்க்கரையும் பார்த்தார்கள். 286.

அதற்குப் பிறகு பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் என்னோடு ஓட்டுகிறவர்களிடம் இதைப் பற்றி நிறையப் பேசிவிட்டேன். பேசியதில் தெரிந்தது, ஏறக்குறைய எல்லோரும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறோம். முதல் தவறு, சோதனையே இல்லாமல் தாளை மட்டும் வாங்குவது. அந்தத் தாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போதுமானதாக இருக்கலாம். என் இடது கண்ணைப் பற்றி அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று முறை சோதித்திருந்தால் சர்க்கரையை ஆரம்பத்திலேயே பிடித்திருக்கலாம்.

என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமலே போவது அடுத்த தவறு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கு இரண்டு படிவங்கள் இருக்கின்றன. படிவம் 1 நாமே எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழி. படிவம் 1-ஏ பதிவுபெற்ற மருத்துவர் தரும் சான்று. சொந்தக் கார், பைக் ஓட்டுபவருக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் இந்தச் சான்று. லாரி, பஸ் ஓட்டுகிற நமக்கு எந்த வயதிலும் வேண்டும். கேள்விகள் ரொம்ப இல்லை. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பலகையைப் படிக்க முடிகிறதா, நிறம் பிரித்துத் தெரிவதில் கடுமையான குறை உண்டா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் காதில் விழுகிறதா, கை கால் அசைவில் குறை உண்டா, வலிப்பு அல்லது திடீர் மயக்கம் வந்ததுண்டா, வேறு ஏதாவது நோயால் நீங்கள் ஓட்டுவது மற்றவர்களுக்கு ஆபத்தாகுமா. அந்தக் கடைசிக் கேள்விக்குள்தான் சர்க்கரை, பி.பி., இதயம், தூக்கம் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

கண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 25 மீட்டர் என்பது பெரிய லாரி இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஸ்டாண்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். படிவமும் ஒவ்வொரு கண்ணாலும் தெரிகிறதா என்றுதான் கேட்கிறது. பஸ் ஸ்டாண்டில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியை நம்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது பேப்பர் படிக்க, பில் பார்க்க உதவும். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், அதுவும் கிட்டப் பார்வைக்கானது. தூரத்து நம்பர் பலகைக்கு அது இடைஞ்சல்தான்.

எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சர்க்கரை எகிறியிருக்கும்போது கண்ணாடிக்கு அளவெடுக்கக் கூடாது. சர்க்கரை கூடினால் கண்ணுக்குள் இருக்கும் லென்சில் நீர் ஏறி அதன் பவரே மாறிவிடும். அப்போது எடுத்த அளவில் கண்ணாடி செய்தால், சர்க்கரை இறங்கிய பிறகு அது பொருந்தாது. நான் செய்த முதல் கண்ணாடி ஒன்றரை மாதத்தில் வீணாயிற்று. முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், சில வாரம் அது நிலைக்கட்டும், அப்புறம் கண்ணாடி. ரினிவலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓடினால் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மாலைக்கண் கேள்விக்கு எல்லோரும் யோசிக்காமல் "இல்லை" என்று எழுதிவிடுகிறோம். நம்பர் பலகை சோதனை பகலில் நடப்பது. ராத்திரி உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதை நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். எதிர் வண்டியின் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, அது கடந்துபோன பிறகு நெடுநேரம் ரோடு தெரியாமல் போனாலோ, பொழுது சாய்ந்ததும் ஓரத்தில் நடப்பவர்களை முன்போல் கவனிக்க முடியாவிட்டாலோ, அதை அப்படியே சொல்லுங்கள். கண்புரையாக இருக்கலாம், சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கலாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படிப்பட்ட குடும்பங்களில் பரம்பரையாக வரும் விழித்திரை நோயாகவும் இருக்கலாம். புரை என்றால் ஆபரேஷன் செய்து சரிசெய்துவிடலாம். எனக்கு இடது கண்ணில் இருந்தது அதுதான்.

வண்ணப் புள்ளிகளுக்குள் எண் இருக்கும் புத்தகத்தைக் காட்டி நிறம் சோதிப்பார்கள். அதன் எண்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் வேண்டாம். 2020 ஜூனில் விதியைத் திருத்திவிட்டார்கள். லேசான, நடுத்தரமான நிறக்குருடு உள்ளவருக்கு லைசென்ஸ் தரலாம். கடுமையாக இருந்தால்தான் தடை. கலர் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தச் சோதனைக்கு உட்காராதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து பி.பி. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, காலையில் லாரியை ஓரம் கட்டி, டீ குடித்து, ஒரு பீடியையும் பற்றவைத்துவிட்டு நேரே கிளினிக்குக்குள் நுழைவதுதான் நம் வழக்கம். மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் கையில் பட்டை சுற்றுவார்கள். அந்த நிலையில் பார்த்தால் நன்றாக இருப்பவருக்கும் எண் ஏறித்தான் காட்டும். காபி, டீ, பீடி, சிகரெட் எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே நின்றிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் பி.பி. கூடும், அதனால் முதலில் போய்விட்டு வந்துவிடுங்கள். முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். சட்டைமேல் பட்டை சுற்ற விடாதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் எண் கூடுதலாக வரும், பெரிய பட்டை கேளுங்கள். இதெல்லாம் டாக்டரை ஏமாற்றும் வேலை இல்லை. பி.பி. பார்ப்பதற்குச் சரியான முறையே இதுதான்.

இப்படி ஒழுங்காகப் பார்த்தும் வெவ்வேறு நாட்களில் 140/90-க்கு மேலேயே நின்றால் அது நிஜமான பி.பி. அதற்கு மாத்திரை வேண்டும். சோதனை நாள் காலையில் மட்டும் இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொண்டு போன ஒருவர் எழுந்து நிற்கும்போதே தலைசுற்றிச் சுவரைப் பிடித்தார். அதே போல "மாத்திரை இல்லாமல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாமே" என்று அன்றைக்கு நிறுத்துவதும் தவறு. தினமும் எப்படிப் போடுகிறீர்களோ அப்படியே போடுங்கள். காசில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. நம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.பி.யும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நீங்கள் டிரிப்பில் இருந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் வாங்கி வைக்கலாம்.

சர்க்கரை விஷயத்தில் செய்யும் தவறு இதைவிட ஆபத்தானது. இரண்டு நாள் பட்டினி கிடந்து எண்ணைக் குறைத்துக் காட்டப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றுச் சோதனைக்கு எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோயா என்று உறுதிசெய்ய மறுபடி பார்ப்பார்கள். டாக்டர் எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தச் சோதனையை எழுதிவிட்டால் பட்டினி எதற்கும் உதவாது. அது மூன்று மாதச் சராசரி. ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காயும் எத்தனை நாள் சாப்பிட்டீர்களோ அதெல்லாம் அதில் இருக்கும். 6.5-உம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய்.

பட்டினியின் நிஜ ஆபத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண் மங்கும், பேச்சு குழறும். ஸ்டியரிங் கையில் இருக்கும்போது இது வந்தால் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் தெரியும். ரத்தம் கொடுக்கும் காலையில் அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். கேபினில் எப்போதும் ஒரு டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும். மயக்கம் வருவது போலிருந்தால் வண்டியை ஓரம் கட்டி மூன்று டீஸ்பூன் வாயில் போடுங்கள். கால் மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி போடுங்கள். உடனே ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

காதுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குரும்பி அடைத்திருந்தாலே கேட்பது மந்தமாகும், டாக்டர் எடுத்துவிடுவார். சாவியும் தீக்குச்சியும் விட்டுக் குடைந்துகொண்டு போகாதீர்கள்.

டாக்டரிடம் மறைப்பது பெரிய தவறு. ஆனால் அது ஏன் நடக்கிறது என்று எனக்குப் புரிகிறது. வலிப்பு என்று வாயைத் திறந்தால் லைசென்ஸ் போய்விடும், வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வலிப்பை மட்டும் மறைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே ஒரு முறை நினைவு தவறியிருந்தாலும் சொல்லுங்கள். அது வலிப்பாகவே இல்லாமல், தாழ்சர்க்கரையாகவோ இதயத் துடிப்புக் கோளாறாகவோ இருந்து, மருத்துவத்தில் சரியாகிவிடவும் கூடும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரையும் இருமல் டானிக்கும் அதில் இருக்க வேண்டும், அவற்றில் பல தூக்கம் வரவைப்பவை.

குறட்டையைப் பற்றிப் படிவம் தனியாகக் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. நீங்கள் தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதா என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டில் மனைவிக்கும் வண்டியில் கிளீனருக்கும் தெரியும். அவர்களைக் கேளுங்கள். ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் டோல்கேட் வரிசையில் கண் சொக்குகிறது, கழுத்து பருத்திருக்கிறது, பி.பி.யும் இருக்கிறது என்றால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சிகிச்சை இருக்கிறது.

தேதி விஷயத்தில் பழைய கணக்கை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். லைசென்ஸ் முடிந்த பிறகும் முப்பது நாள் ஓட்டலாம் என்பது 2019 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. முடிந்த மறுநாள் ஓட்டினாலே லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. விபத்து என்றால் இன்சூரன்சில் சிக்கல் வரும். லாரி லைசென்சுக்கு இப்போது ஐந்து வருடம். தோல் தொழிற்சாலைகளுக்கு ஆசிட், கெமிக்கல் டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கு மூன்று வருடம்தான், அதோடு ஒரு நாள் பயிற்சியும் உண்டு. முடிவதற்கு ஒரு வருடம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

கண்ணை முழுதாகச் சோதிக்க வேலூரில் ஷெல் கண் மருத்துவமனைக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். விழித்திரை பார்க்க வேண்டுமென்றால் கண் பாப்பாவை விரியவைக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும். அன்றைக்கு லாரியும் வேண்டாம், பைக்கும் வேண்டாம். வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ்சில் போங்கள். நான் தனியாகப் போய், மத்தியான வெயிலில் பஸ் போர்டைப் படிக்க முடியாமல், வருகிற பஸ்சை எல்லாம் நிறுத்தி "பள்ளிகொண்டா போகுமா" என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.